பல்லுறுப்பியின் மாறிக்குப் பெயரிடுதல்

க.பொ.த. (உயர் தரம்)
தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் – பைதன் மொழி
(இணைந்த கணிதம் கற்கும் மாணவர்க்கும் பயன்படும்)

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,

• ஒரே குணகங்களைக் கொண்ட இரு பல்லுறுப்பிகள் வெவ்வேறு பொருள் தரக்கூடும் என்பதை விளக்குவீர்கள்.
• நம்பை என்னும் எண்கணிப்பு நூலகத்தில் பல்லுறுப்பியின் மாறிக்கு விரும்பிய பெயரை இடுவீர்கள்.
• ஏற்கப்படும் பெயரையும் ஏற்கப்படாத பெயரையும் வேறுபடுத்துவீர்கள்.
• மாறியின் பெயரை மாற்றுவதற்கும் மாறியைப் பிரதியிடுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவீர்கள்.

1. ஒரே எண்கள், இரு கதைகள்

பின்வரும் இரு வினாக்களையும் நோக்குக.

வினா (அ): கொழும்பு – கண்டி வீதியில் வரக்காப்பொல நகரை நெருங்கும் பஸ் ஒன்று செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் வருகின்றது. சாரதி தடுப்பைப் பிரயோகித்ததும் அது 2 மீ/செக்² என்னும் சீரான அமர்முடுகலுடன் இயங்குகின்றது. தடுப்புப் பிரயோகித்து நே செக்கன்களின் பின் பஸ் சென்ற தூரம் யாது?

வினா (ஆ): இறப்பர்த் தோட்டம் ஒன்றில் நாற்றுமேடை அமைப்பதற்கு 40 மீற்றர் நீளமான கம்பிவேலை உள்ளது. அதைக் கொண்டு செவ்வக வடிவான நிலம் முழுவதும் சுற்றி அடைக்கப்படுகின்றது. நிலத்தின் அகலம் அ மீற்றர் எனின், அதன் பரப்பளவு யாது?

முதலாவதற்கு விடை: தூரம் = 20நே − நே² மீற்றர்.

இரண்டாவதில் சுற்றளவு 40 மீற்றர் ஆகையால் நீளம் (20 − அ) மீற்றர் ஆகும். எனவே பரப்பளவு = அ(20 − அ) = 20அ − அ² சதுர மீற்றர்.

இரு விடைகளிலும் மாறிலி உறுப்பு 0, முதலாம் படியின் குணகம் 20, இரண்டாம் படியின் குணகம் −1. கணினிக்கு நாம் கொடுப்பது குணகங்களின் பட்டியல் மட்டுமாயின் இரண்டும் ஒன்றே:

[0, 20, −1]

உயர்வுப் பெறுமானமும் ஒன்றே. மாறி 10 ஆகும்போது இரண்டும் 100 ஆகின்றன. பஸ் 10 செக்கன்களில் 100 மீற்றர் சென்று நிற்கின்றது. நாற்றுமேடை 10 மீற்றர் பக்கமுள்ள சதுரமாகும்போது 100 சதுர மீற்றர் என்னும் மிகப் பெரிய பரப்பளவைப் பெறுகின்றது.

இப்போது மாறிக்கு 15 ஐப் பிரதியிடுவோம். 20 × 15 − 15² = 300 − 225 = 75. நாற்றுமேடைக்கு இவ்விடை சரியானது. அகலம் 15 மீற்றர், நீளம் 5 மீற்றர், பரப்பளவு 75 சதுர மீற்றர். பஸ்ஸுக்கோ இவ்விடை பிழையானது. பத்தாவது செக்கனில் நின்றுவிட்ட பஸ் பதினைந்தாவது செக்கனிலும் 100 மீற்றர் தூரத்திலேயே நிற்கும். பின்னோக்கி வந்து 75 மீற்றரில் நிற்காது.

கணித்தலில் எவ்வித பிழையும் இல்லை. ஒரே எண்கள், ஒரே பிரதியீடு, ஒரே விடை. எனினும் ஒன்று சரி, மற்றது பிழை. வேறுபாடு மாறியில் உள்ளது. நே என்பது நேரம். அதன் ஆட்சி 0 இலிருந்து 10 வரை. அ என்பது அகலம். அதன் ஆட்சி 0 இற்கும் 20 இற்கும் இடையே. பட்டியலில் மாறியின் பெயர் இல்லாதபோது இவ்வேறுபாடும் மறைந்துவிடுகின்றது. ஆகவே மாறியின் பெயர் அழகுக்காக எழுதப்படும் எழுத்தன்று. பல்லுறுப்பியின் பொருளில் அது ஒரு பகுதியாகும்.

2. மாறிக்குப் பெயரிடும் மரபு

தெரியாக் கணியத்தை எக்ஸ் என எழுதும் வழக்கம் மிகப் பழையதன்று. பிரான்சிய அறிஞர் வியேட் 1591 இல் தெரியாக் கணியங்களுக்கு உயிரெழுத்துகளையும் தெரிந்த கணியங்களுக்கு மெய்யெழுத்துகளையும் வழங்கினார். 1637 இல் தெக்காட்டு என்பவர் ஆங்கில நெடுங்கணக்கின் இறுதி எழுத்துகளைத் தெரியாக் கணியங்களுக்கும் முதல் எழுத்துகளைத் தெரிந்த கணியங்களுக்கும் உரியனவாக்கினார். நாம் இன்று பின்பற்றுவது அவருடைய வழக்கமே.

இந்தியக் கணித அறிஞர் இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே மாறிகளுக்குப் பெயரிட்டனர். 628 இல் பிரமகுப்தர் தெரியாக் கணியங்களை வர்ணங்கள் என வழங்கினார். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்தில் முதலாவது தெரியாக் கணியம் 'யாவத்தாவத்' எனவும், அடுத்தவை காலகம் (கறுப்பு), நீலகம் (நீலம்), பீதகம் (மஞ்சள்), லோகிதம் (சிவப்பு) எனவும் பெயர் பெற்றன. எழுதும்போது முதல் எழுத்து மட்டும் இடப்பட்டது: யா, கா, நீ, பீ, லோ.

அம்முறையில் வர்க்கத்தைக் குறிக்க 'வ' சேர்க்கப்பட்டது. மாறிலி உறுப்பின் முன்னே 'ரூ' (ரூபம்) எழுதப்பட்டது. எனவே, நாம் இன்று யா² + 2யா + 3 என எழுதுவது,

யாவ 1 யா 2 ரூ 3

என்னும் வடிவில் எழுதப்பட்டது. இங்கு மாறிலி உறுப்பும் பெயரின்றி விடப்படவில்லை என்பதைக் கவனிக்க. எந்த எண் எதற்குரியது என்பது எண்ணின் பக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

இலங்கையில் 1855 இல் கரோல் விசுவநாதபிள்ளை தமிழில் வீசகணிதம் என்னும் நூலை வெளியிட்டார். ஆகவே தமிழில் அட்சரகணிதம் கற்பது இத்தீவில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்கமாகும்.

3. நம்பை நூலகத்தில் பல்லுறுப்பி

பைதன் மொழியில் எண்கணிப்புக்கெனப் பரவலாகப் பயன்படும் நூலகம் நம்பை ஆகும். அதன் 1.0 பதிப்பு 2006 இல் வெளிவந்தது. பல்லுறுப்பிகளுக்கென அதில் 'பொலினோமியல்' என்னும் வகுப்பு உண்டு. 2022 டிசெம்பரில் வெளிவந்த 1.24 பதிப்பிலிருந்து இவ்வகுப்பில் மாறியின் பெயரைக் குறிக்கும் 'சிம்பல்' என்னும் பரமானம் சேர்க்கப்பட்டுள்ளது. அதற்கு முந்திய பதிப்பு உள்ள கணினியில் இப்பரமானத்தைக் கொடுத்தால் வழு ஏற்படும். ஆகவே முதலில் பதிப்பு எண்ணைச் சரிபார்த்துக் கொள்க.

குறிப்பு: பைதன் மொழியின் ஆங்கிலச் சொற்கள் இப்பாடத்தில் ஒலிக்கு ஏற்பத் தமிழில் அச்சிடப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சிடுக. நாமாக வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே தட்டச்சிடலாம். 2008 இல் வெளிவந்த பைதன் 3.0 முதல் இவ்வசதி உண்டு.

முதலில் வகுப்பை அழைத்து, அதற்கு 'பல்லுறுப்பி' எனத் தமிழ்ப் பெயர் வைப்போம்.

ஃப்ரொம் நம்பை.பொலினோமியல் இம்போர்ட் பொலினோமியல் அஸ் பல்லுறுப்பி

இனி இரு பல்லுறுப்பிகளையும் அமைப்போம்.

பஸ் = பல்லுறுப்பி([0, 20, -1], சிம்பல்='நே')
மேடை = பல்லுறுப்பி([0, 20, -1], சிம்பல்='அ')

கவனிக்க: குணகங்கள் மாறிலி உறுப்பில் தொடங்கி ஏறு வரிசையில் எழுதப்படும். நாம் கொப்பியில் பெரிய படியில் தொடங்கி −நே² + 20நே என எழுதினாலும், பட்டியலில் 0 முதலில் வரவேண்டும். மாறிலி உறுப்பு இல்லையெனில் அதன் இடத்தில் 0 இடுவது கட்டாயமாகும். 0 ஐ விட்டு [20, −1] என எழுதினால் அது 20 − நே என்னும் ஒருபடிப் பல்லுறுப்பியாகிவிடும்.

இரண்டையும் அச்சிடுவோம்.

பிரின்ட்(பஸ்) → 0.0 + 20.0·நே - 1.0·நே²
பிரின்ட்(மேடை) → 0.0 + 20.0·அ - 1.0·அ²

விண்டோஸ் கணினிகளில் இயல்பாக மேற்குறியீட்டுக்குப் பதிலாக இரு நட்சத்திரக் குறிகளால் அடுக்கு காட்டப்படும். பொருள் ஒன்றே.

சிம்பல் பரமானத்தைக் கொடுக்காவிடின் நூலகம் தானாகவே எக்ஸ் என்னும் எழுத்தை வைத்துக்கொள்ளும்.

பல்லுறுப்பியின் பெறுமானத்தைக் காண்பதற்கு அடைப்பினுள் எண்ணை இடுக. பஸ்(5) என்பது 75.0 ஐத் தரும். பஸ்(15) என்பதும் 75.0 ஐயே தரும். பெயர் இட்டதனால் ஆட்சி தானாகச் சரிபார்க்கப்படுவதில்லை. பதினைந்தாவது செக்கன் பஸ்ஸின் ஆட்சிக்கு வெளியே உள்ளது என்பதை அறிய வேண்டியவர் நீங்களே. ஆனால் வெளியீட்டில் 'நே' என்னும் எழுத்து தெரியும்போது அதை நினைவுகூர்வது எளிது.

4. மேற்கோட்குறியினுள் இருக்கும் பெயர்

மாணவர் பலர் தடுமாறும் இடம் இது. மேலுள்ள வரியில் பஸ் என்பதும் நே என்பதும் ஒரே வகையான பெயர்கள் அல்ல.

பஸ் என்பது செய்நிரலின் மாறி. அது பல்லுறுப்பி முழுவதையும் தன்னகத்தே வைத்திருக்கின்றது. 'நே' என்பது மேற்கோட்குறியினுள் உள்ள ஒரு சரம். அது பல்லுறுப்பியின் மாறிக்கு ஒட்டப்பட்ட பெயர் மட்டுமே. நே என்னும் செய்நிரல் மாறி எதுவும் உருவாக்கப்படவில்லை. ஆகவே அடுத்த வரியில் மேற்கோட்குறியின்றி நே + 1 எனத் தட்டச்சிட்டால், அப்பெயர் வரையறுக்கப்படவில்லை எனக் கூறும் பெயர் வழு தோன்றும்.

எழுத்துகளையே கணியங்களாகக் கொண்டு சுருக்கவும் விரிக்கவும் வேண்டுமெனில் அதற்குச் சிம்பை என்னும் வேறு நூலகம் உண்டு. நம்பை எண்களைக் கொண்டே வேலை செய்கின்றது. அதன் பல்லுறுப்பி என்பது குணகங்களின் வரிசையும் அவற்றுக்குரிய ஒரு பெயருமாகும்.

5. ஏற்கப்படும் பெயர்கள்

பைதன் செய்நிரலில் ஒரு மாறிக்கு இடத்தக்க பெயர் எதுவோ, அதுவே சிம்பல் பரமானத்துக்கும் ஏற்றதாகும். விதிகள் வருமாறு:

(i) பெயர் ஓர் எழுத்தில் அல்லது கீழ்க்கோட்டில் தொடங்க வேண்டும்.
(ii) தொடர்ந்து எழுத்துகள், இலக்கங்கள், கீழ்க்கோடு என்பன வரலாம்.
(iii) இடைவெளி, புள்ளி, கழித்தற்குறி முதலியன வரலாகாது.
(iv) வெற்றுச் சரம் ஏற்கப்படாது.

உதாரணங்கள்:

'நே' – ஏற்கப்படும்.
'உயரம்' – ஏற்கப்படும். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி எழுத்தின் பகுதியாகவே கொள்ளப்படும்.
'நே_1' – ஏற்கப்படும்.
'பால்_எடை' – ஏற்கப்படும்.
'பால் எடை' – ஏற்கப்படாது, இடைவெளி உண்டு.
'2நே' – ஏற்கப்படாது, இலக்கத்தில் தொடங்குகின்றது. ௧, ௨ என்னும் தமிழ் இலக்கங்களுக்கும் இவ்விதியே.
'நே-1' – ஏற்கப்படாது, கழித்தற்குறி உண்டு.
'' – ஏற்கப்படாது, வெற்றுச் சரம்.

ஏற்கப்படாத சரத்தைக் கொடுத்தால் பெறுமான வழு தோன்றும். மேற்கோட்குறியின்றி 5 போன்ற எண்ணைக் கொடுத்தால் அது சரமே அன்று. ஆகையால் வகை வழு தோன்றும்.

தமிழில் தட்டச்சிடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறி யுனிக்கோட்டில் இருவகையாகப் பதிவாகலாம். ஒரு வகையில் உயிர்க்குறி முழுவதும் ஒரே குறியீடு. மற்ற வகையில் எழுத்தின் முன்பகுதியும் பின்பகுதியும் இரு குறியீடுகள். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் சரங்களை ஒப்பிடும் கணினிக்கு அவை வெவ்வேறானவை. 'கோணம்' என்று ஒரு விசைப்பலகையில் தட்டச்சிட்ட பெயரும், வேறோர் இடத்திலிருந்து வெட்டி ஒட்டிய 'கோணம்' என்னும் பெயரும் பொருந்தாது போகலாம்.

இதைத் தவிர்க்க இரு வழிகள் உண்டு. நே, அ, வெ, உ போன்று ஐயத்துக்கு இடமில்லாத எழுத்துகளைத் தெரிவு செய்யலாம். அல்லது பெயரை ஒரு தடவை மட்டும் தட்டச்சிட்டு, காலப்பெயர் = 'நே' என ஒரு செய்நிரல் மாறியில் வைத்து, வேண்டிய இடமெல்லாம் சிம்பல்=காலப்பெயர் என எழுதலாம். இரண்டாவது வழி எந்த மொழிக்கும் பொருந்தும் நல்ல பழக்கமாகும்.

சிங்கள எழுத்தில் பெயரிடும் நண்பருக்கு வேறொரு தடை உண்டு. சில கூட்டெழுத்துகளை அமைப்பதற்குச் சிங்களத்தில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியீடு ஒன்று இடப்படுகின்றது. பைதன் அக்குறியீட்டைப் பெயரினுள் அனுமதிப்பதில்லை. ஆகவே அத்தகைய கூட்டெழுத்தில்லாத சொல்லைத் தெரிவு செய்யவேண்டும்.

6. செய்கைகளின்போது பெயர் என்னவாகின்றது?

(அ) கூட்டல், கழித்தல், பெருக்கல்

பஸ் + மேடை எனத் தட்டச்சிடுக. விடை வராது. பல்லுறுப்பிகளின் மாறிப் பெயர்கள் வேறுபடுகின்றன என்னும் செய்தியுடன் பெறுமான வழு தோன்றும்.

இவ்வழு நமக்கு நன்மையே செய்கின்றது. பெயர் இடாமல் இருந்திருப்பின் நூலகம் [0, 40, −2] என்னும் பட்டியலை மறுப்பின்றித் தந்திருக்கும். அது மீற்றரோடு சதுர மீற்றரைக் கூட்டியதால் வந்த விடை. அதற்குப் பொருள் எதுவும் இல்லை. அவ்வாறான விடை அடுத்த வரிக்கும் அதற்கடுத்த வரிக்கும் சென்று, இறுதியில் எங்கே பிழைத்தோம் எனத் தேடுவது கடினம். பிழை நிகழும் வரியிலேயே செய்நிரல் நின்றுவிடுவது மேலானது.

ஒரே பெயருள்ள பல்லுறுப்பிகளைத் தடையின்றிக் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம். விடையும் அதே பெயரைப் பெறும். பஸ் + 7 என வெறும் எண்ணைக் கூட்டுவதற்கும் தடையில்லை. எண்ணுக்கு மாறிப் பெயர் இல்லை.

ஆயினும் இக்காவலுக்கு ஓர் எல்லை உண்டு. நூலகம் பெயரை மட்டுமே ஒப்பிடும், அலகை ஒப்பிடாது. நேரத்தோடு மாறும் தூரத்தையும் நேரத்தோடு மாறும் இறப்பர்ப்பாலின் கனவளவையும் 'நே' என்னும் ஒரே பெயரால் எழுதினால், மீற்றரையும் லீற்றரையும் அது கூட்டிவிடும். அலகைக் கவனிப்பது எப்போதும் நம்முடைய பொறுப்பே.

(ஆ) சமனா எனச் சோதித்தல்

பஸ் == மேடை என்பதற்கு விடை 'பொய்' ஆகும். குணகங்கள் யாவும் சமனாயினும் பெயர் வேறுபடுவதால் நூலகம் அவற்றைச் சமனற்ற பல்லுறுப்பிகளாகவே கொள்கின்றது. முதற் பிரிவில் நாம் கண்ட முடிவும் இதுவே.

(இ) வகையிடல், தொகையிடல்

பஸ்.டெரிவ்() என்பது 20.0 - 2.0·நே என்னும் பெறுதியைத் தரும். தொகையிட்டாலும் பெயர் மாறாது. தூரத்தை நேரம் குறித்து வகையிட்டால் கிடைப்பது வேகம். அதுவும் நேரத்தின் சார்பே. ஆகவே பெயர் நிலைத்திருப்பது பொருத்தமானது.

(ஈ) பெயரை மாற்றுதலும் பிரதியிடலும்

ஒரு பல்லுறுப்பியை அமைத்தபின் அதன் பெயரை நேரடியாக மாற்றமுடியாது. பஸ்.சிம்பல் = 'கா' எனத் தட்டச்சிட்டால் வழு ஏற்படும். வேறு பெயர் வேண்டுமெனில் அதே குணகங்களைக் கொண்டு புதிய பல்லுறுப்பியை அமைக்கவேண்டும்.

புதியது = பல்லுறுப்பி(பஸ்.கோஎஃப், சிம்பல்='கா')

இதில் எழுத்து மட்டும் மாறுகின்றது. குணகங்கள் [0, 20, −1] ஆகவே இருக்கின்றன. பிரதியிடல் வேறு. பின்வரும் உதாரணத்தை நோக்குக.

உதாரணம்: வீதியோரத்தில் நிற்கும் மாணவர் ஒருவர் நிறுத்தற் கடிகாரத்தை இயக்கி 3 செக்கன்களின் பின்னரே சாரதி தடுப்பைப் பிரயோகித்தார். கடிகாரம் காட்டும் நேரம் கா செக்கன் எனின், தடுப்புப் பிரயோகித்த பின் பஸ் சென்ற தூரத்தைக் கா இன் பல்லுறுப்பியாகத் தருக.

தீர்வு: நே = கா − 3.
தூரம் = 20(கா − 3) − (கா − 3)²
= 20கா − 60 − கா² + 6கா − 9
= −69 + 26கா − கா²

நம்பையில்:

மாற்று = பல்லுறுப்பி([-3, 1], சிம்பல்='கா')
பிரின்ட்(பஸ்(மாற்று)) → -69.0 + 26.0·கா - 1.0·கா²

ஒரு பல்லுறுப்பியை மற்றதனுள் பிரதியிடும்போது, உள்ளே இடப்பட்டதன் பெயரே விடைக்கு வருகின்றது. நே மறைந்து கா நிற்கின்றது. நாம் கையால் செய்ததும் அதுவே.

சரிபார்த்தல்: கா = 13 ஆகும்போது −69 + 338 − 169 = 100. பஸ் நிற்கும் கணம் கடிகாரத்தில் பதின்மூன்றாவது செக்கன். தூரம் 100 மீற்றர். எனவே விடை சரி. இப்போது ஆட்சி 3 இலிருந்து 13 வரை என்பதையும் கவனிக்க.

பெயரை மட்டும் மாற்றிய 'புதியது' என்பதில் 13 ஐ இட்டால் 260 − 169 = 91 கிடைக்கும். அது பிழையான விடை. எழுத்தை மாற்றியவர் கடிகாரத்தை மாற்றவில்லை. வினாவில் புதிய மாறி தரப்படும்போது பழைய கோவையில் எழுத்தை மட்டும் மாற்றி எழுதும் மாணவர் செய்யும் பிழை இதுவே.

7. பழைய வகுப்பைக் காணும்போது

இணையத்திலும் பழைய நூல்களிலும் 'பொலி1டி' என்னும் வகுப்பைக் காண்பீர்கள். அது இன்னும் நம்பையில் உண்டு. ஆயினும் புதிய செய்நிரல்களுக்குப் 'பொலினோமியல்' வகுப்பையே நூலகத்தின் கைந்நூல் பரிந்துரைக்கின்றது. இரண்டையும் கலந்து எழுதினால் விடை தலைகீழாகும். வேறுபாடுகள் வருமாறு:

• பொலி1டி இல் குணகங்கள் இறங்கு வரிசையில், பெரிய படியில் தொடங்கி எழுதப்படும். பஸ்ஸின் பட்டியல் அங்கு [−1, 20, 0] ஆகும்.
• அங்கு பெயருக்குரிய பரமானம் 'வேரியபிள்' ஆகும்.
• அங்கு பெயர் அச்சிடுவதற்கு மட்டுமே உரியது. 'நே' எனப் பெயரிட்ட ஒன்றையும் 'அ' எனப் பெயரிட்ட ஒன்றையும் கூட்டினால் வழு தோன்றாது. விடை கிடைக்கும், அதில் இரு பெயர்களும் இன்றி எக்ஸ் என்னும் எழுத்தே நிற்கும்.
• வகையிட்டாலும் இட்ட பெயர் மறைந்து எக்ஸ் ஆகிவிடும்.

சுருங்கக் கூறின், பழைய வகுப்பில் பெயர் வெறும் முகப்புச் சீட்டு. புதிய வகுப்பில் பெயர் பல்லுறுப்பியின் அடையாளத்தில் ஒரு பகுதி.

8. கணினி இல்லாத வீட்டில் பயில்வோருக்கு

தோட்டப் பாடசாலைகளில் பயிலும் மாணவர் எல்லோருக்கும் கணினி வீட்டில் கிடைப்பதில்லை. இப்பாடத்தின் பெரும்பகுதியைக் கொப்பியிலேயே பயிலலாம். ஒவ்வொரு பல்லுறுப்பியின் கீழும் பின்வரும் நான்கு வரிகளை எழுதிப் பழகுக.

1. மாறி எது? (உதாரணம்: நே – தடுப்புப் பிரயோகித்த பின் கழிந்த நேரம்)
2. மாறியின் அலகு யாது? (செக்கன்)
3. ஆட்சி யாது? (0 இலிருந்து 10 வரை)
4. பல்லுறுப்பி தருவது எது, அதன் அலகு யாது? (தூரம், மீற்றர்)

கணினி அறையில் உங்கள் முறை வரும்போது முதல் வரி சிம்பல் பரமானமாகும். மற்ற மூன்றையும் செய்நிரலில் விளக்கக் குறிப்பாக எழுதுக. கணினி சரிபார்ப்பது முதல் வரியை மட்டுமே. மற்ற மூன்றையும் சரிபார்ப்பவர் நீங்கள்.

9. பயிற்சி

1. 25 மீற்றர் உயரமான பாறையின் விளிம்பிலிருந்து பந்து ஒன்று செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்துடன் நிலைக்குத்தாக மேலே எறியப்படுகின்றது. நே செக்கன்களின் பின் தரையிலிருந்து அதன் உயரம் 25 + 20நே − 5நே² மீற்றர் ஆகும்.
(அ) பொலினோமியல் வகுப்புக்குரிய குணகப் பட்டியலை எழுதுக.
(ஆ) பெறுதியை எழுதி, பந்து அடையும் அதியுயர் உயரத்தைக் காண்க.
(இ) மூலங்களைக் கண்டு, அவற்றுள் எது தள்ளப்படவேண்டும் எனக் காரணத்துடன் கூறுக.

2. இறப்பர்ப்பாலை உறையவிடும் தட்டு ஒன்றை 30 சதமமீற்றர் நீளமும் 20 சதமமீற்றர் அகலமும் உடைய தகரத்தால் செய்யவேண்டியுள்ளது. நான்கு மூலைகளிலும் வெ சதமமீற்றர் பக்கமுள்ள சதுரங்கள் வெட்டி நீக்கப்பட்டு, ஓரங்கள் மேலே மடிக்கப்படுகின்றன.
(அ) தட்டின் கனவளவை வெ இன் பல்லுறுப்பியாக எழுதி, குணகப் பட்டியலைத் தருக.
(ஆ) வெ = 5 ஆகும்போது கனவளவு யாது?
(இ) வெ = 16 எனப் பிரதியிட்டால் நேர்ப் பெறுமானம் கிடைக்கின்றது. அவ்வாறான தட்டைச் செய்யமுடியுமா? விளக்குக.

3. பின்வருவனவற்றுள் சிம்பல் பரமானத்துக்கு ஏற்றவை எவை?
'தூரம்', '3நே', 'பால் எடை', 'நே_2', ''

4. ப = பல்லுறுப்பி([1, 2, 3], சிம்பல்='அ'), க = பல்லுறுப்பி([1, 2, 3], சிம்பல்='ஆ') எனின், பின்வருவனவற்றின் விளைவு யாது?
(அ) ப == க (ஆ) ப + க (இ) ப + 5

5. இலங்கையின் முதலாவது புகையிரதப் பாதை 1865 இல் கொழும்புக்கும் அம்பேபுஸ்ஸவுக்கும் இடையே அமைந்தது. அம்பேபுஸ்ஸ நிலையத்திலிருந்து ஓய்விலிருந்து புறப்படும் புகையிரதம் ஒன்று நே செக்கன்களில் 0.1நே² மீற்றர் செல்கின்றது எனக் கொள்க. புகையிரதம் புறப்பட்டு 10 செக்கன்களின் பின்னரே மாணவி ஒருத்தி கடிகாரத்தை இயக்கினாள். கடிகாரம் காட்டும் நேரம் கா செக்கன் எனின், தூரத்தைக் கா இன் பல்லுறுப்பியாகத் தருக. அதன் மாறிலி உறுப்பு எதனைக் குறிக்கின்றது?

விடைகள்

1. (அ) [25, 20, −5]. (ஆ) 20 − 10நே; நே = 2 ஆகும்போது உயரம் 25 + 40 − 20 = 45 மீற்றர். (இ) மூலங்கள் 5, −1. மாறி என்பது எறிந்த பின் கழிந்த நேரமாகையால் −1 தள்ளப்படும். பந்து 5 செக்கன்களில் தரையை அடையும்.

2. (அ) வெ(30 − 2வெ)(20 − 2வெ) = 600வெ − 100வெ² + 4வெ³; பட்டியல் [0, 600, −100, 4]. (ஆ) 3000 − 2500 + 500 = 1000 கன சதமமீற்றர். (இ) முடியாது. 16 ஐப் பிரதியிட 384 கிடைக்கும். ஆனால் அது −2, −12 என்னும் இரு மறை நீளங்களின் பெருக்கத்தால் வந்த நேர்ப் பெறுமானம். வெ இன் ஆட்சி 0 இற்கும் 10 இற்கும் இடையே ஆகும்.

3. 'தூரம்', 'நே_2' ஆகிய இரண்டு மட்டும்.

4. (அ) பொய். (ஆ) பெறுமான வழு. (இ) 6.0 + 2.0·அ + 3.0·அ².

5. நே = கா + 10; தூரம் = 0.1(கா + 10)² = 10 + 2கா + 0.1கா². மாறிலி உறுப்பாகிய 10, மாணவி கடிகாரத்தை இயக்கிய கணத்தில் புகையிரதம் ஏற்கெனவே 10 மீற்றர் சென்றிருந்தது என்பதைக் குறிக்கின்றது.

நினைவிற் கொள்க

• குணகப் பட்டியல் மாறி எதுவெனக் கூறாது; பெயரே கூறும்.
• பொலினோமியல் வகுப்பில் குணகங்கள் மாறிலி உறுப்பில் தொடங்கும்.
• வேறு பெயருள்ள பல்லுறுப்பிகளைக் கூட்டினால் வழு தோன்றும். அவ்வழு நம்மைக் காப்பது.
• பெயரை மாற்றினால் குணகங்கள் மாறா. பிரதியிட்டால் குணகங்கள் மாறும்.
• அலகையும் ஆட்சியையும் நூலகம் சரிபார்க்காது. விடை எழுதுபவரே சரிபார்க்கவேண்டும்.